உதடு ஒட்டாத நாடு

முன்னொரு காலத்தில், வீசுகிற காற்றுக்கும் வரி போடலாமா என்று அரசர்கள் யோசித்துக்கொண்டிருந்த காலத்தில், உவர்நாடு என்று ஒரு நாடு இருந்தது. அங்கே ஒரு நல்ல சட்டமும் இருந்தது. சபையில் நின்று ‘மாட்டேன்’ என்று மூன்று முறை சொன்னவரை எவனும் கட்டாயப்படுத்தக் கூடாது. அரசர் இரக்கப்பட்டுக் கொடுத்த சட்டமில்லை. உப்பளத்துச் சனங்கள் ஒரு பருவம் முழுக்க உப்பு வாராமல் உட்கார்ந்து வாங்கியது.

அரசருக்கோ உப்பளம் முழுவதும் வேண்டும். சட்டத்தைத் தொட்டால் கலகம் வரும். மந்திரவாதி சுக்காண்டியைக் கூப்பிட்டார்.

“சட்டம் இருந்துவிட்டுப் போகட்டும், அரசே. சொல்லை எடுத்துவிடுகிறேன்” என்றான் அவன்.

“ஹ்ரீம், ஹ்ரீம், ஹ்ரீம்” என்றான். வறண்ட காற்று வீசியது. சனங்களின் உதடுகள் வெடித்தன. பின்னாலேயே வெடித்த உதட்டில் பூசச் சொல்லி அரண்மனையிலிருந்து சிவப்புச் சாயம் வந்தது, சிப்பியில் வைத்து, வீட்டுக்கு வீடு இலவசமாக. கற்பூரமும் பட்டைத் தைலமும் அள்ளிக் கொட்டிய சாயம். பூசியதும் குளுகுளுவென்றிருக்கும், சாயங்காலம் தோல் உரியும். எரிகிறதே என்று மறுபடி பூசுவார்கள். மறுபடி உரியும். கடைசியில் மேலுதடும் கீழுதடும் ஒட்டவே முடியாமல் போயிற்று.

உதடு ஒட்டாமல் ‘மாட்டேன்’ என்று சொல்லிப் பாருங்கள். வராது. ‘முடியாது’ வராது. ‘சரி’ வரும்.

“உன் பாத்தியை அரசருக்குத் தருகிறாயா?” என்று சபையில் கேட்டார்கள். ‘இல்லை’ என்றவரிடம், சட்டத்தில் அந்தச் சொல் இல்லையே என்று சிரித்தார்கள். பேசாமல் நின்றால் சம்மதம் என்றார்கள். உப்புப் பாத்திகள் ஒவ்வொன்றாகப் போயின. உப்பு வாரும் பேச்சிக்குச் சொந்தமென்று இருந்தது ஒரே ஒரு பாத்தி. பௌர்ணமிச் சபையில் அவள் முறை.

அதற்கு முன்னால் ஒருநாள் அரண்மனைக்கு உப்பு கொண்டுபோனாள். சுக்காண்டி வழிமறித்தான்.

“உன் பேரென்ன?”

“ஏச்சி.”

“ஏச்சியா! யாரை ஏசப் போகிறாய், தாயே?” என்று அவள் முகத்துக்கு நேரே குனிந்து சிரித்தான்.

அவன் உதட்டில் ஒரு வெடிப்பில்லை. வெண்ணெய் தடவியதுபோல் மின்னியது, வெட்டிவேர் மணத்தது. இடுப்பில் உதட்டுக் களிம்பு வைக்கிற ஒரு வெள்ளிச் செப்பு தொங்கியது.

ஊருக்குக் கற்பூரம், உனக்கு வெட்டிவேரா? என்று பொருமினாள் பேச்சி. நேரே வாய்க்கால் கரைக்குப் போய் வேரைத் தோண்டினாள்.

“அக்கா, வேர் மட்டும் போதாது” என்றது ஒரு தேனீ. “அவன் செப்பில் இருப்பது எங்கள் மெழுகு. கூட்டுக்குத் தீ வைத்துத் திருடினான்.”

“உங்ககிட்ட இருக்கா?”

“மிச்சம் இருக்கு. உதடு தேறினால் எங்களுக்காகவும் பேசுவாயா?”

“சரி” என்றாள் பேச்சி. அவள் மனசாரச் சொன்ன சரி அது ஒன்றுதான்.

வேரை வேகவைத்து, மூடியில் திரண்ட தைலத்தை வழித்தெடுத்தாள். முதல் முறை தேங்காயெண்ணெயில் கலந்தாள். உதட்டில் நிற்காமல் வழிந்தது. இரண்டாம் முறை மெழுகை உருக்கிச் சேர்த்து, மணக்கட்டும் என்று தைலத்தைக் கொட்டினாள், சாயம்போலவே எரிந்தது.

“மணம் மூக்குக்கு. உதட்டுக்கு ஒரு சொட்டுக்கு மேல் தாங்காது” என்று தேனீ சிடுசிடுத்தது.

மூன்றாம் முறை ஒரே சொட்டு. எரியவில்லை. சாயத்தைத் தூர எறிந்துவிட்டுக் களிம்பைத் தானும் பூசினாள், உப்பளம் முழுக்கவும் கொடுத்தாள்.

பௌர்ணமி வந்தது. சபை கூடியது.

“உன் பாத்தியை அரசருக்குத் தருகிறாயா, ஏச்சி?” என்றான் சுக்காண்டி.

அவள் உதட்டை ஒட்டினாள். சுள்ளென்றது. “என் பேரு பேச்சி. மாட்டேன்.”

“ஹ்ரீம்!” காற்று சீறியது.

“மாட்டேன்.”

“ஹ்ரீம்!” காற்று அவன் உதட்டையும் உரசியது. கீழுதடு வெடித்தது. பதறிப்போய்ச் செப்பைத் திறந்தான். காத்திருந்த தேனீக்கள் இறங்கி, தங்கள் மெழுகை ஒரு துணுக்கு விடாமல் அள்ளிக்கொண்டு பறந்தன.

“மாட்டேன்!” இந்த முறை பேச்சியோடு உப்பளமே சொன்னது.

“ஹ்ரீ… ஹ்ரீ…” உதடு ஒட்டவில்லை. காற்று நின்றது. மந்திரம் உடைந்தது. திரண்டு நின்ற சனங்களைப் பார்த்த அரசர், பிடுங்கிய பாத்திகளையெல்லாம் திருப்பிக் கொடுத்தார்.

பேச்சி நகரவில்லை. தேனீக்களுக்குக் கொடுத்த வாக்கு பாக்கியிருந்தது.

“கூட்டுக்குத் தீ வைத்தவனே, இந்த நாட்டை விட்டுப் போகிறாயா?”

சுக்காண்டி வாயைத் திறந்தான். என்னென்னவோ சொல்லப் பார்த்தான். வந்தது ஒரு சொல்தான்.

“சரி.”