குக்கருக்கு உண்டான சுரம்

குக்கர் விசில் என்ன சுரம்னு உங்களுக்குத் தெரியுமா? ஊசிப்பாளையத்துல மூணு பேருக்குத் தெரியும்.

அவினாசியப்பன் கீபோர்டு, குழந்தைவேலு புல்லாங்குழல், மாரப்பன் டோலக். வாரம் பூரா பனியன் கம்பெனி வேலை, ஞாயித்துக்கிழமையானா சங்கீதம். அவினாசியப்பன் தங்கச்சி பூவிழிக்குத் தாலி கட்டறப்ப வாசிக்கறதுக்குன்னு ஒரு மெட்டுப் போட்டாங்க. நல்ல மெட்டுதான். ஆனா மறுக்கா வாசிச்சா வேற மெட்டு வரும்.

"அண்ணா, ஒரே மெட்டை ரெண்டு தடவை வாசிச்சுக் காட்டுங்க. இல்லேன்னா டவுன் மேளத்துக்குச் சொல்லிருவேன்" என்று பூவிழி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

கம்ப்யூட்டர் கடை நிர்மலாவிடம் போனார்கள். வாசிக்கறதைக் கேட்டு சுரம் எழுதற சாஃப்ட்வேர் மூணை லேப்டாப்பில் ஏத்திக் கொடுத்தாள். "எது ஒண்ணுவிடாம எழுதுதோ, அதை வெச்சுக்கோங்கண்ணா" என்றாள்.

மூணையும் ஒண்ணாத் திறந்து வைத்து, ஒரே தடவை வாசித்தார்கள். மறுபடி வாசிச்சா மெட்டு மாறிருமே. நடுவில் குழந்தைவேலு தும்மினான். சமையலறையில் குக்கர் விசிலடித்தது.

முதல் சாஃப்ட்வேர் மெட்டை மட்டும் அழகா எழுதியிருந்தது.

"என் தும்மலைக் காணோம்" என்றான் குழந்தைவேலு.

"தும்மல் எதுக்குடா?" என்றான் மாரப்பன்.

"இன்னைக்குத் தும்மலை விடும். நாளைக்குப் பல்லவியை விடும். அப்ப யாரைப் போய்க் கேப்பே?"

மாரப்பனுக்கு நியாயமாகத்தான் பட்டது. தள்ளிவிட்டார்கள்.

ரெண்டாவது, தும்மலை எழுதிவிட்டு விசிலை விட்டிருந்தது. "ஆளைப் பார்த்து எழுதுது" என்று அதையும் தள்ளினார்கள். மூணாவதில் தும்மலுக்கு ஒரு குட்டி தைவதம், விசிலுக்கு நீட்டமா ஒரு நிஷாதம்.

"இதுதான் நாணயமானது" என்றான் அவினாசியப்பன். "அந்த நிஷாதத்தை நானே கீபோர்டுல அமுத்திரட்டுமா?"

மாரப்பன் முகம் சுருங்கிவிட்டது. "அது குக்கர் வாசிச்சதுடா. அடுத்தவங்க சுரத்துல கை வெக்கலாமா?"

அப்புறம் பூவிழி முன்னால் ரெண்டு தடவை வாசித்தார்கள். தும்மல் வர்ற இடத்துக்கு மிளகுத்தூள், விசில் வர்ற இடத்துக்குக் குக்கர்ல அரிசி. பாவம், அவளும் கவனமாகக் கேட்டாள். ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருந்தது. டவுன் மேளத்தை வேண்டாம்னு சொல்லிவிட்டாள்.

கல்யாணத்தன்று மேடையில் கீபோர்டுக்குப் பக்கத்தில் கேஸ் அடுப்பு, அதன்மேல் குக்கர். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். மெட்டு ஜோராகத்தான் ஆரம்பித்தது. குழந்தைவேலு சரியான இடத்தில் தும்மினான். மூணாவது வரியில் மூணு பேரும் கையைக் கட்டிக்கொண்டு குக்கரைப் பார்த்தார்கள்.

மண்டபமே மேடையை எட்டிப் பார்த்தது.

"ஏனுங்க நிறுத்திட்டீங்க?" என்றார் மாப்பிள்ளை.

"இப்ப குக்கரோட முறைங்க" என்றான் மாரப்பன். "அது வாசிச்சு முடிச்சப்புறம் நீங்க கட்டலாம்."

மாப்பிள்ளை தாலியைப் பிடித்தபடியே குனிந்து நின்றார். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். குக்கர் மூடியிலிருந்து ஆவி புஸ்ஸென்று போய்க்கொண்டே இருந்தது. விசில் வருகிற வழியைக் காணோம்.

"புது மண்டபமில்லையா, கூச்சப்படுது" என்றான் குழந்தைவேலு.

குனிந்திருந்த பூவிழி தலையைச் சாய்த்து, குக்கர் மூடியை ஒரு பார்வை பார்த்தாள்.

"அண்ணா, நல்ல நேரம் முடியப்போகுது. முதல்ல அந்த வெயிட்டை எடுத்து மூடி மேல போடு" என்றாள்.