காற்றாடிக்குக் கிடைத்த விடுதலை

எத்தனையோ காலத்துக்கு முன்னால், மேலைக்குன்ற நாட்டைத் திருமேனி வர்மர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் சொன்னதை மாலையில் மாற்றுவார். மாலையில் மாற்றியதை மறுநாள் மறந்துபோவார்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வேலைக்கு ஆகாத கிழட்டுக் குதிரைக்கு மஞ்சள் பூசி, மாலை போட்டு, பின்னால் தம்பட்டம் அடித்துக் காட்டுக்குள் துரத்திவிடுவார்கள். அதற்கு அழகாக ‘விடுதலை விழா’ என்று பேர் வேறு! பாட்டு உண்டு, பாயசம் உண்டு. ராஜா மட்டும் விழாவைப் பார்க்கக் கூடாதாம்; அரண்மனைக்குள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்க வேண்டுமாம். பார்க்கக் கூடாத அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

ஒருத்தி கேட்டாள். லாயத்துக் குதிரை வைத்தியச்சி நீலாயி. அந்த வருஷம் முறை காற்றாடிக்கு. இருபது வருஷம் ராஜாவையே சுமந்த குதிரை. இப்போது முழங்கால் வீங்கி, தாங்கித் தாங்கி நடக்கிறது. அதன் ஒவ்வொரு பல்லையும் நீலாயிக்குத் தெரியும்.

நேரே சபைக்குப் போய், காற்றாடியைக் காட்டுக்குத் துரத்தக் கூடாது என்றாள். லாயத்துத் தலைவர் மகிபால ராயருக்கு எரிச்சல் மூண்டது. சாணி நாற்றம் ஆகாது என்று பன்னிரண்டு வருஷமாக லாயத்துக்குள் கால் வைக்காமலே தலைவராக இருப்பவர் அவர். குதிரையைப் பற்றி ராஜா எது கேட்டாலும் நீலாயியிடமே கேட்கிறாரே என்ற பொருமல் வேறு.

“மகாராஜா! இது தண்டனையா? விடுதலை! காட்டில் புல் என்ன, சுனை என்ன! இதுவரை போன குதிரை ஒன்றாவது திரும்பி வந்ததுண்டா? பிடிக்காவிட்டால் வந்திருக்காதா?” என்றார் ராயர்.

சபை தலையாட்டியது.

“சுடுகாட்டுக்குப் போனவரும்தான் திரும்பி வருவதில்லை, ராயரே. இடம் பிடித்துப்போய்விட்டது என்றா அர்த்தம்?” என்றாள் நீலாயி.

ராஜா மீசைக்குள் சிரித்தார். “சரி, வேலை செய்யாத குதிரையை வைத்துக்கொண்டு என்ன செய்வதாம்?”

“அது செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டது, மகாராஜா. இனி நாம் செய்ய வேண்டும். நிழல் கொடுங்கள், அவித்து மசித்த கொள்ளு கொடுங்கள். எழுந்திருக்கவே முடியாத நாள் வந்தால், வலியை இழுத்தடிக்காமல் நானே மருந்து கொடுத்துத் தூங்கவைக்கிறேன். நீங்கள் பக்கத்தில் இருந்து அதன் தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.”

ராஜாவின் முகம் வெளுத்தது. “அதையெல்லாம் நான் பார்க்கவா? முடியாது, முடியாது!”

“அப்படியானால் காடு குதிரைக்காக இல்லை, மகாராஜா. உங்கள் கண்ணுக்காக.”

ராஜா சிம்மாசனத்தை ஓங்கித் தட்டினார். “விழா நாளைக் காலை! குதிரையோடு நீயும் காட்டுக்குப் போ!”

ராயருக்கு வாயெல்லாம் பல். நீலாயி பின்வாங்கவில்லை.

“போகிறேன். ஆனால் விடுதலை பெற்றவரைத் தம்பட்டம் அடித்தா துரத்துவார்கள்? நாளைக்குத் தம்பட்டமும் வேண்டாம், சாட்டையும் வேண்டாம். காற்றாடி தன் இஷ்டத்துக்கு நடக்கட்டும். காட்டுக்குப் போனால் நானும் பின்னாலேயே போய்விடுகிறேன். வேறெங்கே போனாலும், சாகும்வரை அது அங்கேயே இருக்கட்டும். நீங்கள் முதுகைக் காட்டாமல் மேல்மாடத்தில் நின்று பார்க்க வேண்டும்.”

பந்தயம் என்றால் ராஜாவுக்கு வெல்லம். “என்ன ராயரே, சம்மதமா?”

விடுதலை, விடுதலை என்று அத்தனை முறை முழங்கிய வாயால் எப்படி மறுப்பது? ராயர் தலையாட்டினார்.

காலையில் மைதானத்தில் ஊரே கூடியது. கயிற்றை அவிழ்த்ததும் காற்றாடி காற்றை மோந்தது. மெல்ல மெல்லக் காட்டு வாசல் பக்கம் நடந்தது. நீலாயி பின்னாலேயே ஓடினாள். பார்த்தால், வாசலில் குவியலாகப் புதுக் கொள்ளு! ராயர் கொட்டிவைத்தது.

காற்றாடி ஒரு வாய் எடுத்தது. மென்று பார்த்தது. அத்தனையும் பொலபொலவென்று கீழே கொட்டிற்று.

“ராயரே!” நீலாயி சிரித்தே விட்டாள். “இதற்குக் கடைவாய்ப் பல் தேய்ந்து நாலு வருஷமாச்சு! அவிக்காத கொள்ளை யார் மெல்லுவது, நீங்களா?”

ஊர் கொல்லென்று சிரித்தது. காற்றாடி திரும்பியது. தாங்கித் தாங்கி மைதானம் முழுக்கக் கடந்து, அரண்மனைப் படியோரம் இருந்த ஏறுகல்லுக்குப் போனது. ராஜா தினமும் கால் வைத்து ஏறும் கல். அதன் பக்கவாட்டில் அணைந்து, அசையாமல் நின்றது. கதவை ஒருமுறை பார்த்தது. ராஜா வருவார், ஏறுவார், புறப்படலாம் என்று காத்திருந்தது.

மேல்மாடத்தில் ராஜாவைக் காணோம். செருப்பில்லாமல் படியில் ஓடிவந்தவர், குதிரையின் கழுத்தில் முகத்தைப் புதைத்தார். “இனிமேல் ஏறமாட்டேனடா. நீ நின்றது போதும்.”

அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். “ஓய் ராயரே! காட்டில் புல் என்ன, சுனை என்ன என்றீரே, போய்ப் பார்த்தீரா?”

“அது... கேள்விப்பட்டதுதான், மகாராஜா.”

“இன்று முதல் லாயத்துக்குத் தலைவி நீலாயி. நீர் கொள்ளு அவித்து மசியும். பதமாக இருக்கிறதா என்று நீரே மென்று பார்த்த பிறகுதான் தொட்டியில் போட வேண்டும்!”

மாலையில் ராஜா பேச்சை மாற்றிவிடுவாரோ என்று ஊர் பயந்தது. மாற்றத்தான் செய்தார்: “குதிரை மட்டும் போதாது. ஓய்ந்துபோன உழவு மாடும், பால் வற்றிய பசுவும் லாயத்து நிழலுக்கு வரலாம்.” இதை மட்டும் மறுநாள் மறக்கவில்லை.

காற்றாடி இன்னும் இரண்டு கோடை கண்டது. எழுந்திருக்க முடியாத நாள் வந்தபோது, ராஜா அதன் தலையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அழுதார், ஆனால் முகத்தைத் திருப்பவில்லை. நீலாயி மருந்து கொடுத்தாள். பக்கத்தில் சத்தமில்லை, கூட்டமில்லை.

தம்பட்டம் என்னவாயிற்று என்கிறீர்களா? லாயத்து வேப்பமரத்தில் தொங்குகிறது. கொள்ளு பதமானதும் ராயர் அதை எடுத்து அடிப்பார். முதல் சில நாள் கிழட்டுக் குதிரைகள் மிரண்டு மூலையில் ஒண்டின. இப்போது அந்தச் சத்தம் கேட்டால் போதும், அத்தனையும் அதை நோக்கி நடந்துவரும். பல்லில் ஒட்டிய கொள்ளோடு ராயர் அதட்டுவார்: “மெதுவா வாங்கடா! எல்லாருக்கும் இருக்கு!”