ஆறு துண்டுகள்

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், திசுவைப் பார்த்து நோயைச் சொல்லும் கூடத்தில், ஒரு குருவும் சீடரும் இருந்தார்கள். சீடர் சவரிமுத்துவுக்கு நாற்பத்தேழு வயது. மலைக்கிராமத்தில் வைத்தியம் பார்த்துவிட்டு மறுபடி படிக்க வந்தவர். குரு மெஹர்பானுவுக்கு முப்பத்தெட்டு.

"மேடம், நுரையீரல் உறையில வர்ற இந்த மீசோதீலியோமா புற்றுநோய்ல மூணு வகை இருக்கே, சுலபமாப் பிரிச்சுத் தெரிஞ்சுக்க வழி என்ன?"

"மூணும் எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்க டாக்டரே."

"செல்லெல்லாம் செங்கல் அடுக்கின மாதிரி இருந்தா எபிதீலியாய்டு. கொஞ்சம் மெதுவாப் போகும். நீள நீளமா ஓடினா சார்கோமடாய்டு. பாய்ஞ்சு போகும், ஆபரேஷன் பெரும்பாலும் பண்ண மாட்டாங்க. ரெண்டும் கலந்திருந்தா பைபேசிக்."

"அழகுமலைக்கு எது?"

அழகுமலை முப்பது வருஷம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு அறுத்தவர். அவருடைய நுரையீரல் உறையிலிருந்து எடுத்த துண்டுகள் முந்தாநாள் வந்திருந்தன.

"செங்கல்தான் மேடம். ஆபரேஷனுக்கு நாள் குறிக்க சர்ஜன்கள் காத்துக்கிட்டிருக்காங்க."

"எத்தனை துண்டு வந்துச்சு?"

"ஆறு."

"எத்தனை பார்த்தீங்க?"

"நாலு. மத்த ரெண்டும் வெறும் தழும்பு மேடம். கத்தியே இறங்க மாட்டேங்குது. பாட்டில்லயே விட்டுட்டேன்."

மெஹர்பானு எழுந்துபோய் பாட்டிலை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தார்.

"மலையில அத்தனை பிரசவம் பார்த்த கை. ரெண்டு துண்டுக்கு அசருதாக்கும்?"

வெட்டி, சாயம் ஏற்றி, சரிபார்த்து முடிய மூன்று நாள் ஆனது. சவரிமுத்து மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். தழும்பென்று நினைத்த இடத்தில் நீள நீளமாகச் செல்கள் ஓடின. அவர் நிமிர்ந்தார்.

"கலப்பு மேடம்."

"எழுதுங்க. ஆபரேஷனை அவங்க மறுபடி யோசிக்கணும்."

சவரிமுத்து பேனாவைக் கீழே வைத்தார்.

"அழகுமலை சம்சாரம் பேச்சியம்மா வெளிய பெஞ்சுல இருக்காங்க. 'மக வளைகாப்பு வரைக்கும் இருப்பாராய்யா'ன்னு அன்னைக்குக் கேட்டாங்க. மெதுவாப் போற வகைதான், தைரியமா இருங்கம்மான்னு சொல்லி அனுப்பிட்டேன்." சவரிமுத்து குரலைத் தாழ்த்தினார். "நோய் வகை மாறிடுச்சுன்னு சொல்லிடட்டுமா மேடம்?"

மெஹர்பானு காலி பாட்டிலை எடுத்து மூடினார்.

"வகை மாறலை டாக்டரே. அன்னைக்கு நாலு துண்டுதான் பார்த்தேன், இன்னைக்குத்தான் ஆறும் பார்த்தேன்னு சொல்லுங்க."