இடுகாட்டில் கொடுத்த புதுத்துணி

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாட்டு ராஜா என்று கேட்காதீர்கள், சொன்னால் என் கழுத்துக்கு ஆபத்து. குடிமக்கள் ஓலை போட்டுச் சபையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அவருக்குத் திடீரென ஆசை வந்தது. நல்ல ஆசைதான். ஆனால் எந்த ஓலையைப் பார்த்தாலும் மந்திரி விருத்தகிரியின் ஆள் பெயர் மட்டுமே. வேறு யாரும் நிற்கக் கூடாதாம். இதற்குப் பெயர் தேர்தலாம்!

மாலைக்குள் முடிவு வந்துவிட்டது. ஒருவர் பாக்கியில்லாமல் அத்தனை பேரும் சம்மதம். பட்டியலைத் தெருத்தெருவாக வாசித்தார்கள். "காத்தான், சம்மதம்" என்றதும் அவன் மனைவி வெள்ளச்சி ஓடி வந்தாள்.

"அவரு ஏரி வெட்டப் போய் மண்ணு சரிஞ்சு செத்து ஆறு மாசமாச்சே! எந்தக் கையால ஓலை போட்டாரு?"

தேர்தலைப் பழித்தாள் என்று அவளைச் சிறையில் தள்ளினார்கள். கேள்விப்பட்ட அரசவை விகடகவி சாத்தப்பன், அவளை எப்படியாவது மீட்பது என்று முடிவு செய்தான்.

ராஜாவோ பூரித்துப்போய், பட்டியலில் உள்ள எல்லோருக்கும் புதுத்துணி கொடுக்கச் சொன்னார். சாத்தப்பனைத் தொலைத்துக்கட்ட நாள் பார்த்திருந்த மந்திரி எழுந்தார்.

"அரசே, இப்பணியைச் சாத்தப்பரே செய்யட்டும். ஒருவர் விடுபட்டாலும் அவர் தலை போகட்டும்."

பட்டியலில் செத்தவர்கள் இருப்பது மந்திரிக்குத் தெரியாதா? எழுதியதே அவர்தானே!

"அப்படியே ஆகட்டும்" என்றான் சாத்தப்பன்.

மூன்றாம் நாள் ராஜா பார்வையிடப் புறப்பட்டார். ஊர் முழுக்கக் கொடுத்தாயிற்று. சாத்தப்பனைத்தான் காணோம். தேடினால், இடுகாட்டில் ஒவ்வொரு மண்மேட்டுக்கும் புதுத்துணி போர்த்திக்கொண்டிருந்தான்.

"என்ன அபசாரம் இது!" என்று கத்தினார் மந்திரி.

"பட்டியலில் உள்ளவர்களுக்குத்தான் கொடுக்கிறேன், மந்திரியாரே. இவர்கள் இங்கேதான் குடியிருக்கிறார்கள். இறந்துவிட்டார்கள் என்று தாங்கள் சொன்னால், சிறையில் வெள்ளச்சிக்குப் பக்கத்து அறை தங்களுக்குத்தான்."

மந்திரி மெல்லப் பின்னால் நகர்ந்தார். ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி நீட்டினார்.

"மாலை வேண்டாம், அரசே. அந்தப் பெண்ணை விடுவியுங்கள்."

வெள்ளச்சியை அங்கேயே அழைத்து வந்தார்கள். ராஜாவுக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. "பார்த்தாயா பெண்ணே, உன் கணவனுக்கும் புதுத்துணி!"

அவள் கணவனைப் புதைத்த மண்மேட்டைப் பார்த்தாள்.

"உசுரோட இருந்தப்ப, ஏரி வெட்ட வர்றியான்னு யாரும் அவர ஒரு வார்த்தை கேக்கலீங்க, இழுத்துட்டுத்தான் போனாங்க. செத்தப்புறந்தான் சம்மதம் கேட்டிருக்கீங்க."

ராஜாவின் சிரிப்பு அதோடு நின்றது.