நாரையின் மூடாத அலகு

அந்தக் காலத்தில் மனிதரும் பறவைகளும் ஒரே குளத்தங்கரையில் நின்று ஊர்வம்பு பேசுவார்கள். நாரையின் அலகு அப்போது நேராக இருந்தது. மூடினால் இடையில் நூல்கூட நுழையாது. பல் பிடுங்கவென்று தனிக் கருவி கிடையாது. பல்வலி வந்தவர்கள் கொல்லனிடம் போவார்கள். அவன் உளியை வைத்துத் தட்டுவான். வந்தால் பல், வராவிட்டால் பாதிப் பல்.

அப்படித் தட்டித் தட்டியே பேர் வாங்கியவன் மாடக்கண்ணு. ஊரார் வாயில் உளி வைக்கும்போது அவன் கை நடுங்கியதே இல்லை. மனைவி வடிவாச்சிக்குக் கடைவாய்ப் பல் வலித்தபோதுதான் நடுங்கியது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்! உளி வேண்டாமென்று, பழுத்த இரும்பைப் பிடிக்கும் இடுக்கியைக் கழுவிக்கொண்டு வந்தான். இரும்பு வழுக்கினால் இன்னும் இறுக்கு என்பதுதான் அவன் படித்த தொழில். பல்லையும் அப்படியே இறுக்கினான். நொறுக்கென்று மேல்பாதி உடைந்து வந்தது. வேர் உள்ளேயே தங்கிவிட்டது.

ஐந்தாம் நாள் வடிவாச்சியின் கன்னம் பணியாரமாய் வீங்கிவிட்டது. அவளோ நிறைமாதக்காரி, கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. இரண்டு உயிரும் தன் கையாலேயே போய்விடுமோ என்று பயந்துபோன மாடக்கண்ணு, குளத்தங்கரையில் உட்கார்ந்து அழுதான்.

நண்டு தேடிக்கொண்டிருந்த நாரை கேட்டது: "என்ன கொல்லரே, குளத்துல தண்ணி பத்தலைன்னு நீரும் ஊத்துறீரா?"

அவன் நடந்ததைச் சொன்னான்.

"இறுக்கிப் பிடிச்சீராக்கும்! வளைக்குள்ள இருக்குற நண்டை இறுக்கிப் பிடிச்சா காலு மட்டுந்தான் வரும். அடியில எறங்கி, பதமாப் பிடிச்சு, அசைச்சு அசைச்சு எடுக்கணும். கெளம்பும், நான் வாரேன்."

வீட்டுக்கு வந்த நாரை வடிவாச்சியிடம் சொன்னது: "வலிக்கும் தாயி. வாயை மட்டும் மூடிராத."

அலகு ஈறுக்குள் இறங்கியது. வேர் மெல்ல அசைந்தது. வலி உச்சிக்கு ஏறவும், பாவம், வடிவாச்சி தன்னையறியாமல் கடித்துவிட்டாள். அலகின் நுனி வேரோடு சேர்ந்து மாட்டிக்கொண்டது.

வேரை விட்டுவிட்டு அலகை உருவிக்கொள்ளலாம். ஆனால் விட்டால் வேர் மறுபடி முறியும். நாரை கண்ணை மூடிக்கொண்டு இழுத்தது. இழுத்த இழுப்பில் அலகு நடுவில் புடைத்து வளைந்தது. வேர் முழுசாக வந்தது.

அன்று சாயங்காலமே வடிவாச்சி கஞ்சி குடித்தாள். மூன்றாம் நாள் பெண்குழந்தை பிறந்தது. நாரைக்குத்தான் அலகு மூடவில்லை. கவ்விய மீனெல்லாம் இடைவெளியில் நழுவிப்போனது.

மாடக்கண்ணுவுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. "தட்டி நிமித்தி விடட்டுமா, நாரையம்மா?"

"ஐயோ சாமி! உம்ம தட்டு ஊருக்கே தெரியும். வேண்டாம். நத்தை நழுவாது, அதைத் தின்னு பொழச்சுக்குறேன்."

அவன் அந்த அலகையே வெகுநேரம் பார்த்தான். நுனி பிடிக்கிறது, நடு நசுக்கவில்லை. உலையை மூட்டி, அதே மாதிரி ஒரு குறடு அடித்தான். அதற்குப் பிறகு அவன் கையில் ஒரு பல்லும் உடையவில்லை.

அன்று முதல்தான் பல் பிடுங்கும் குறட்டின் வாய் நடுவில் மூடுவதில்லை. அன்று முதல்தான் நாரை, மீன் துள்ளும் குளத்தில் நின்றுகொண்டு நத்தை பொறுக்குகிறது; நாமோ பல்லைப் பிடுங்கிய மறுநாளே மீன்குழம்பு கேட்கிறோம்.