செலின் ஒட்டிய டிக்கெட்டுகள்

லண்டனில் ஹாரோ நூலகத்தின் பின்னறையில் சனிக்கிழமைதோறும் செண்பகவல்லி டீச்சர் வரிக்கணக்கு சொல்லித்தருவார். வருகிறவர்கள் எல்லாரும் என்னைப் போல ஒப்பந்த வேலைக்காரர்கள். சொந்தப் பெயரில் ஒரு சின்ன கம்பெனி, வயிற்றில் வரிப் பயம். டீச்சருக்கு வயது முப்பத்தாறுதான். ஐம்பதை நெருங்கும் ஜெபராஜும் அவரை டீச்சர் என்றே கூப்பிடுவார். டீச்சருக்கு அவர் அண்ணாச்சி. இருவருக்கும் பாளையங்கோட்டைப் பக்கம்.

அன்று வகுப்பு முடிந்தும் ஜெபராஜ் நகரவில்லை. அவர் பிள்ளை வெளியே படப்புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தது. நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். காதை மூடிக்கொண்டா அடுக்க முடியும்?

லண்டனிலிருந்து வாராவாரம் நியூகாசிலுக்கு வேலைக்குப் போய்வரும் ரயில் செலவை அவர் தன் கம்பெனிக் கணக்கில் எழுதிவந்தார். ஒரே இடத்தில் இரண்டு வருஷத்துக்கு மேல் வேலை என்றாகிவிட்டால் அப்படி எழுத முடியாது. வருகிற மார்ச்சில் இரண்டு வருஷம்.

"டீச்சர், நவம்பர்ல எங்கள எதிர்த்த கட்டடத்துக்கு மாத்திட்டாங்க. புது இடம்னா கணக்கு முதல்லருந்து ஆரம்பிக்கும்லா?"

"ரயில் மாறிச்சா?"

"இல்ல."

"தங்குற ரூம்?"

"அதே ரூம்தான்."

"ரோட்டைத் தாண்டுனா புது ஊரா அண்ணாச்சி?" டீச்சர் சிரித்தார்.

அவர் சிரிக்கவில்லை.

"மார்ச்சோட வேலை முடியுதுல்லா? அதுவரைக்கும் தாராளமா எழுதலாமே. எதுக்கு இவ்வளவு மெனக்கெடுதீங்க?"

அவர் டிக்கெட் ஒட்டிய நோட்டை நீட்டினார். ஒட்டுவது அவர் மனைவி செலின். ஒவ்வொரு டிக்கெட்டுக்குப் பக்கத்திலும் பென்சிலில் ஒரு வரி இருந்தது. டீச்சர் வாய்விட்டுப் படித்தார்.

"'ரயில் நாப்பது நிமிஷம் லேட். பசியோட வந்தாங்க.' 'நான் டியூட்டிக்குக் கிளம்புறப்ப வந்தாங்க. வாசல்ல பாத்துக்கிட்டோம்.'"

பக்கத்தைப் புரட்டினார்.

"'இன்னும் பத்து.' 'இன்னும் ஒன்பது.' இது என்ன?"

"மார்ச்சுக்கு இன்னும் எத்தனை வாரம்னு எழுதுதா. பிள்ளையப் பாக்க ஆள் வேணும்னு அவ சனி, ஞாயிறுதான் ஆஸ்பத்திரிக்குப் போறா. நான் வந்ததும் வாரநாளுக்கு மாறிக்கிடுதேன்னு வார்டுல எழுதியே கொடுத்துட்டா. ரெண்டு வருஷமா ஒண்ணா உக்காந்து சாப்பிடல டீச்சர்."

"அதான் வந்துருவீங்களே."

"வரமாட்டேன். இன்னும் ஒரு வருஷம் இருன்னு மேனேஜர் கேட்டாரு. சரின்னுட்டேன்."

"எப்போ?"

"அக்டோபர்ல. ஆனா ஒப்பந்தப் பேப்பர் இன்னும் வரல. கையெழுத்துப் போட்டாத்தானே கணக்கு?"

"கையெழுத்த யாரு கேட்டா? ரெண்டு வருஷம் தாண்டும்னு உங்களுக்கு என்னைக்குத் தெரிஞ்சுதோ, அன்னைக்கோட டிக்கெட் எழுதுறது நின்னுபோச்சு."

ஜெபராஜ் தலை குனிந்துகொண்டார்.

"அக்டோபரோட எழுதுறத நிறுத்துனா, டிக்கெட் ஒட்டுறவ ஏன்னு கேப்பா. மூணு மாசமா அவ வாரத்தை எண்ணுதா. நான் பக்கத்துல உக்காந்து பசை எடுத்துக் கொடுத்திருக்கேன் டீச்சர்."

அடப் பாவி மனுஷா! எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்துவிட்டேன்.

"துட்டு போனா போவட்டும். அக்டோபருக்கு அப்புறம் உள்ள டிக்கெட் காசையெல்லாம் நானே கட்டிருதேன். கணக்குப் பேப்பர்ல நிறுத்துற தேதிய மட்டும் மார்ச்சுன்னு போட்டுருங்க. நான் மெதுவா அவகிட்ட சொல்லிக்கிடுதேன்."

டீச்சர் திட்டவில்லை. தாளை எடுத்துப் பெயர், கம்பெனி, ஊர் என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுப் பேனாவை மூடினார். நோட்டை இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தார்.

"தேதி போடலையே டீச்சர்?"

"நீங்க சொன்னதை நான் மறந்தாச்சு அண்ணாச்சி. உங்களுக்கு என்னைக்குத் தெரியும்னு செலின் மதினியே எனக்கு போன் பண்ணிச் சொல்லட்டும். அந்தத் தேதியை எழுதிக்கிடுதேன்."