127-க்குப் பிறகு

பிற்பகல் இரண்டு பத்துக்கு, கெடு முடிய மூன்று மணி நேரம்கூட இல்லாதபோது, இசக்கிராஜாவின் விதி 127-இல் உடைந்தது.

உடைத்தவள் அவன் வகுப்புத் தோழி ரிஸ்வானா. தென்காசிப் பக்கத்தில் ஒரு கலைக் கல்லூரி. இருவரும் இரண்டாம் ஆண்டு கணிதம்.

சென்னையில் ஒரு கணித நிறுவனம் கோடை விடுமுறையில் இளங்கலை மாணவர்களுக்கு ஆராய்ச்சி முகாம் நடத்துகிறது. ஆறு வாரம், பன்னிரண்டு இடம். அந்தக் கல்லூரியிலிருந்து அதுவரை யாரும் விண்ணப்பித்ததில்லை. இடம் கிடைக்காவிட்டால் விடுமுறை முழுக்க இசக்கிராஜா திருப்பூரில் மாமாவின் பனியன் கம்பெனிக் கிடங்கில் நிற்க வேண்டும். வீட்டில் அப்படித்தான் பேச்சு.

விண்ணப்பத்தில் ஒரு பக்கம் காலியாக விட்டுக் கேட்டிருந்தார்கள்: நீங்களாக யோசித்த ஒரு கணக்கைப் பற்றி எழுதுங்கள்.

அவனிடம் ஒன்று இருந்தது. ஒன்றைவிடப் பெரிய எந்த ஒற்றை எண்ணையும் எடுத்துக்கொள். அதிலிருந்து 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகும் எண்களில் ஏதாவது ஒன்றைக் கழித்தால் ஒரு பகா எண் மிஞ்சும். 21-இல் 2 போனால் 19. 23-இல் 4 போனால் 19. இப்படி எல்லா ஒற்றை எண்ணுக்கும் நடக்கும் என்றான். 101 வரை கையால் போட்டுப் பார்த்திருந்தான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ரிஸ்வானா சும்மா மேலே போய்ப் பார்த்தாள். 127 வரை போனாள்.

இசக்கிராஜா ஆசிரியர்கள் அறைக்கு ஓடினான். பின்னாலேயே அவளும்.

உதவிப் பேராசிரியை பிரிசில்லா டிபன் பாக்ஸைத் திறந்து முதல் வாய்ச் சோற்றை எடுத்திருந்தார். வயது முப்பத்து மூன்று. பரிந்துரை அனுப்ப வேண்டியவர் அவர்தான்.

“உடைஞ்சிட்டு மேடம்.”

“எது?”

“என் விதி. 127-ல.”

பிரிசில்லா எடுத்த சோற்றை அப்படியே வைத்தார். கை கழுவாமல் சாக்பீஸை எடுத்தார்.

“சொல்லு. ஒவ்வொண்ணா சொல்லு.”

“ஒண்ணு போனா 126,” என்றாள் ரிஸ்வானா. “இரட்டை எண். அவுட். ரெண்டு போனா 125, அஞ்சால வகுபடும். அவுட். நாலு போனா 123, மூணால வகுபடும். எட்டு போனா 119, ஏழு பதினேழு. பதினாறு போனா 111. முப்பத்திரண்டு போனா 95. அறுபத்து நாலு போனா 63. ஆல் அவுட் மேடம்.”

பிரிசில்லா ஏழு எண்களையும் பலகையில் எழுதி, ஒவ்வொன்றையும் தாமே ஒருமுறை வகுத்துப் பார்த்தார். கடைசி எண்ணை அடித்ததும் மேசையைத் தட்டினார். பக்கத்து மேசையில் தூங்கிக்கொண்டிருந்த வேதியியல் ஆசிரியர் எழுந்து, மணி அடித்துவிட்டதா என்று கேட்டார்.

“ஏழும் போச்சு! எவ்வளவு அழகா போச்சு பார்த்தியா? நான் இதை எதிர்பார்க்கவே இல்லலே.”

“உங்களுக்கும் தெரியாதா மேடம்?”

“எப்படித் தெரியும்? ஒரு மாசம் நெட்ல தேடக் கூடாது, கம்ப்யூட்டர்ல போடக் கூடாதுன்னு உன்கிட்ட சொன்னேன்லா? நானும் தேடல.”

அது அவர் வகுப்பின் பழக்கம். எந்தக் கணக்கானாலும் விடையைத் தேடாமல் அவரும் மாணவர்களுடன் சேர்ந்துதான் பட்டினி கிடப்பார்.

“ஆமா, 101-ல ஏன் நிறுத்தினே?”

இசக்கிராஜா தலையைக் குனிந்தான். “நூத்தி ஒண்ணு... ஒரு நிறைவா இருந்துது மேடம்.”

“மொய் எழுதினியோ?” என்றாள் ரிஸ்வானா.

பிரிசில்லா சிரித்தார். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

“உடைஞ்சதை வச்சு எப்படி மேடம் சேருறது? ஒண்ணுமே நிரூபிக்காதவனை யார் எடுப்பா?”

அவனே ஒரு வழி சொன்னான்.

“‘101 வரை சோதித்தேன், எல்லாம் சரியாக வந்தது’ன்னு மட்டும் எழுதட்டுமா? அதுல பொய் ஒண்ணும் இல்லையே.”

“ஒரு பொய்யும் இல்லை.”

பிரிசில்லா தம் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டார். மடிக்கணினியை அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

“எழுதி அனுப்பு.”

அவன் உட்கார்ந்தான். வாக்கியத்தை எழுதினான். அனுப்பும் பொத்தான்மேல் விரலை வைத்தான். மின்விசிறி சுற்றியது. ரிஸ்வானா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். விரல் அங்கேயே இருந்தது.

“என்னல?”

“முடியல மேடம்.”

“பொய் இல்லைன்னு நீதானே சொன்னே.”

“127 தெரிஞ்சுபோச்சுலா.”

பிரிசில்லா தலையசைத்தார். மூன்று சாக்பீஸ் எடுத்தார். ஆளுக்கு ஒன்று.

“அப்போ 129-லேருந்து ஆரம்பிப்போம். ரிஸ்வானா, உனக்கு 200 வரை. இசக்கி, உனக்கு 270 வரை. அதுக்கு மேல, நேரம் இருக்கிற வரைக்கும் எனக்கு. எந்த எண் உடையுதோ கத்துங்க.”

பலகை மூன்றாகப் பிரிந்தது. முதலில் கத்தியவள் ரிஸ்வானா. “149!” பிறகு நெடுநேரம் யாரும் கத்தவில்லை. வேதியியல் ஆசிரியரும் தூக்கத்தை விட்டுவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

“251!” என்றான் இசக்கிராஜா. குரல் வராண்டா வரை போனது.

“331,” என்றார் பிரிசில்லா. அந்த வரியை முடிப்பதற்குள், “337. ஐயோ, பக்கத்துலயே இன்னொண்ணு!” என்றார்.

பலகையில் ஐந்து எண்களைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார்கள். 127, 149, 251, 331, 337. இசக்கிராஜா பின்னால் நகர்ந்து நின்று பார்த்தான். சாக்பீஸ் கீழே விழுந்தது.

“மேடம். அஞ்சும் பிரைம்.”

மூவரும் தனித்தனியாகச் சரிபார்த்தார்கள். ஐந்தும் பகா எண்கள்தாம்.

“உடையிற எண் எல்லாமே பிரைம்!” அவன் குதித்தான். “இதுதான் மேடம் விதி. முதல்ல எழுதினதைத் தூக்கிருவோம். 127 உடைஞ்சதைச் சொல்லவே வேண்டாம், நேரா இதை எழுதுவோம். இதுக்குக் கண்டிப்பா எடுப்பாங்க!”

“நல்லா இருக்கு,” என்றார் பிரிசில்லா. அவர் முகமும் சிவந்திருந்தது. “ரொம்ப நல்லா இருக்குல. எது வரைக்கும் பார்த்தே?”

“இப்போதான், நீங்க பார்த்த 337 வரை.”

“அதுக்கு மேல?”

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். மணி நாலு இருபது.

பிறகு உட்கார்ந்து எழுதினான். முதலில் அவன் நினைத்தது என்ன என்று எழுதினான். அது 127-இல் எப்படி உடைந்தது என்று ஏழு வரி எழுதினான். ஐந்து எண்களையும் எழுதினான். உடையும் எண்கள் எல்லாமே பகா எண்களா என்று கேட்டு, ‘337-க்கு மேல் எனக்குத் தெரியாது’ என்று முடித்தான்.

பிரிசில்லா தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

“127 யார் பார்த்தது?”

“ரிஸ்வானா.”

“அது இதுல எங்கே?”

“என் பேரா?” என்றாள் ரிஸ்வானா. “வேண்டாம் மேடம், பின்னாடி ஏதாவது கேஸ் ஆகிரப்போகுது.”

“கணக்குல உடைச்சவங்க பேரையும் போடணும்மா. இல்லேன்னாதான் கேஸ்.”

அவன் அவள் பெயரைப் போட்டான். முழுப் பெயர் கேட்டுப் போட்டான். நாலு ஐம்பத்திரண்டுக்கு விண்ணப்பம் போனது. நாலு ஐம்பத்தெட்டுக்குப் பரிந்துரை போனது. பிரிசில்லா காய்ந்துபோன சோற்றைச் சாப்பிட உட்கார்ந்தார்.

மார்ச் மாதம் காணொளியில் நேர்காணல். திரையில் இரண்டு பேராசிரியர்கள். முதல் கருத்து மிகப் பழையது, அது 127-இல் உடைவதும் எப்போதோ தெரிந்துவிட்டது என்று ஒருவர் சொன்னார். இசக்கிராஜா காதுவரை சிவந்தான்.

“அப்போ என்னோட ரெண்டாவது கேள்வி சார்?”

பேராசிரியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இப்போ எது வரைக்கும் பார்த்திருக்கீங்க?”

“701 வரைக்கும் சார். உடைஞ்சது ஒன்பது எண். ஒன்பதும் பிரைம்.”

“கம்ப்யூட்டர்லயா?”

“கையால சார்.”

“அப்படியே பாருங்க. நாங்க ஒண்ணும் சொல்லப்போறதில்லை.”

ஏப்ரல் 4 அன்று பட்டியல் வந்தது. பன்னிரண்டு பேரில் அவன் பெயர் பதினொன்றாவது. ரிஸ்வானா அதைக் கல்லூரி முழுக்கச் சொன்னாள். பிரிசில்லா இரண்டாம் ஆண்டு வகுப்புக்கு எள்ளுருண்டை வாங்கி வந்தார். திருப்பூர் மாமா போனில், “அங்கே போயி என்ன கூட்டிக் கழிக்கப்போறான்?” என்று கேட்டார். “அதைத்தான்,” என்றான் இசக்கிராஜா.

மே 19 அன்று முகாம் தொடங்கியது. ஐந்தாம் நாள், ஒவ்வொருவரும் தங்கள் கேள்வியைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேச வேண்டும். அவன் பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தான். உடையும் எண்கள் பன்னிரண்டு சேர்ந்திருந்தன. பன்னிரண்டும் பகா எண்கள். அதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம் என்று இரண்டு பக்கம் எழுதி, மனப்பாடமும் செய்திருந்தான். விடுதி அறையில் கூட இருந்தவன் கேட்டுவிட்டுக் கைதட்டியிருந்தான்.

அன்று காலை ஏழு மணிக்கு அவன் பிரிசில்லாவைப் போனில் கூப்பிட்டான்.

“மேடம். 905.”

“என்ன 905?”

“உடையுது. எதைக் கழிச்சாலும் பிரைம் வரல. பத்தும் பார்த்துட்டேன். ஆனா 905 அஞ்சால வகுபடும் மேடம். அது பிரைம் இல்ல.”

மறுமுனையில் குக்கர் விசில் கேட்டது. யாரோ அதை அணைத்தார்கள்.

“ஒவ்வொண்ணா சொல்லு,” என்றார் பிரிசில்லா.

அவன் சொன்னான். அவர் ஏதோ காகிதத்தில் எழுதும் சத்தம் கேட்டது. 64 போனால் 841 என்றதும் நிறுத்தினார். “இரு, இரு. 841. இருபத்தொன்பது இருபத்தொன்பது! அடப்பாவி, எங்கே போயி ஒளிஞ்சிருக்கு பாரு!” அவர் சிரிப்பது கேட்டது. மேலே சொல்லச் சொன்னார். 512 போனால் 393. முடிந்தது.

“ரெண்டாவதும் போச்சு மேடம்.”

“யாரு பார்த்தது?”

“நான்தான். காலையில.”

“அங்கே வேற யாருக்கும் தெரியுமா?”

“சார்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பசங்களுக்குத் தெரியாது. கேக்கவும் மாட்டாங்க. பேச்சு பத்து மணிக்கு மேடம். பதினைஞ்சு நிமிஷம். எல்லாம் மனப்பாடமா இருக்கு.”

“எந்த எண்ணுலேருந்து ஆரம்பிக்கப்போறே?”

இசக்கிராஜா எழுதி வைத்திருந்த இரண்டு பக்கத்தையும் பார்த்தான். அவர் காத்திருந்தார். பிறகு அவரே போனை வைத்தார்.

மே 23, காலை பத்து மணிக்கு, இசக்கிராஜா பலகையில் முதலில் எழுதிய எண் 905.